அலையில் ஏறி இறங்கும் சின்ன மட்டி

மணற்கரையில் அலை ஏறி வந்து, நுரையை விட்டுவிட்டுப் பின்வாங்கும் இடத்தில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நீர் வடியும் அந்த ஓரிரு நொடிகளில் சின்னச் சின்ன ஓடுகள் மணல்மேல் புரளும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றும் செங்குத்தாக நிமிர்ந்து, அசைந்து அசைந்து உள்ளே இறங்கிவிடும். அடுத்த அலை வருவதற்குள் அங்கே ஒன்றும் இருக்காது.

இவை டோனாக்ஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த மட்டிகள். வெப்பமான கரைகளிலும் மிதமான குளிர் உள்ள கரைகளிலும் உலகெங்கும் இவற்றில் பல வகைகள் உண்டு. பெரும்பாலானவை ஒன்றரை முதல் நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டோனாக்ஸ் செர்ரா மாதிரி சில மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வளரும். இடம் தோதாக அமைந்துவிட்டால் ஒரு சதுர மீட்டர் மணலில் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

உண்மையில் கடற்கரையிலேயே குடியிருக்க லாயக்கற்ற இடம் என்றால் அது அலை உடைந்து ஏறும் இந்த விளிம்புதான். பாறைக்கரையில் பற்றிக்கொள்ளப் பாறை இருக்கிறது. ஆழத்து மணலில் அமைதி இருக்கிறது. இங்கே இரண்டும் கிடையாது. ஒவ்வோர் அலைக்கும் தரையே நகர்கிறது. போதாததற்கு, கடல் ஏற்றமும் வற்றமும் நீர்விளிம்பைத் தினமும் பல மீட்டர் மேலும் கீழும் இழுத்துக்கொண்டு போகின்றன. இங்கே பிழைக்க வேண்டுமானால் நொடியில் புதையத் தெரிய வேண்டும், தேவைப்படும்போது இடம் மாறவும் தெரிய வேண்டும். மட்டியின் உடம்பில் எந்தப் பாகத்தை எடுத்துப் பார்த்தாலும் இந்த இரண்டு தேவைகளில் ஒன்றில் போய் நிற்கும்.

ஓட்டைக் கையில் எடுத்தால்

உடம்பை அறிய உயிருள்ள மட்டியை அறுக்க வேண்டியதில்லை. கரையில் கிடக்கும் காலி ஓடு ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இரண்டு ஓடுகளும் பிரியாமல் விரிந்து கிடப்பதாகப் பார்த்து எடுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். மட்டிக்கு மேல் ஓடு, கீழ் ஓடு என்று நாம் சொல்வது வழக்கம். ஆனால் அவை இடது ஓடும் வலது ஓடும்தான். இரண்டும் சேரும் கீல் அதன் முதுகு. திறந்து மூடும் விளிம்பு வயிறு. மணலுக்குள் அது படுத்துக் கிடப்பதில்லை, நின்றுகொண்டிருக்கிறது.

கீலின் வெளிப்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் சின்ன மேடு ஒன்று தெரியும். மீள்தன்மை உள்ள இணைப்புநார் அது. கதவிடுக்கில் ரப்பர் துண்டு ஒன்றைச் செருகிவிட்டால் என்ன ஆகும்? அழுத்திப் பிடிக்கும் வரை கதவு மூடியிருக்கும், கையை எடுத்ததும் தானாகத் திறந்துகொள்ளும். இணைப்புநாரின் வேலையும் அதேதான். ஓட்டைத் திறக்க மட்டிக்கு எந்த உழைப்பும் வேண்டாம், மூடி வைக்கத்தான் தசை வேண்டும். அதனால்தான் செத்த மட்டி எப்போதும் வாயைப் பிளந்தே கிடக்கிறது. இந்தச் சின்ன ஏற்பாடு, குழி தோண்டும்போது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்க்கலாம்.

ஓட்டின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். இரண்டு ஓரங்களிலும் மங்கலான வட்டத் தழும்பு ஒவ்வொன்று இருக்கும். ஓடுகளை இழுத்து மூடும் இரு தசைகளும் ஒட்டியிருந்த இடங்கள் அவை. இரண்டையும் இணைத்து விளிம்புக்கு இணையாக ஒரு மெல்லிய கோடு ஓடும். உடம்பைப் போர்த்தியிருக்கும் மேன்டில் என்ற தசைப்படலம் ஓட்டோடு ஒட்டியிருந்த கோடு அது. ஒரு முனையை நெருங்கும்போது அந்தக் கோடு உள்பக்கமாக ஆழமாக மடங்கித் திரும்பும். நீரை உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவும் மட்டிக்கு இரண்டு குழல்கள் உண்டு. அவற்றைச் சுருக்கி உள்ளே இழுத்து வைத்துக்கொண்ட பை இருந்த இடம் அது. எந்தக் கரையில் கிடைக்கும் மட்டி ஓடாக இருந்தாலும் சரி, இந்த மடிப்பைப் பார்த்தே அது மணலுக்குள் வாழ்ந்ததா இல்லையா என்று ஓரளவு சொல்லிவிடலாம். பாறையில் ஒட்டி வாழும் சிப்பி வகைகளில் இது இருக்காது.

பல வகைகளில் விளிம்பின் உட்புறத்தைத் தடவினால் நுண்ணிய பற்கள் விரலில் உறுத்தும். ஓடு மூடும்போது இவை ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். அலை எத்தனை முறை புரட்டினாலும் இரண்டு ஓடுகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி விலகாது.

இனி வடிவம். ஓடு ஓர் ஆப்பைப் போல, ஒரு பக்கம் நீண்டு சரிந்தும் மறுபக்கம் குட்டையாக வெட்டிவிட்டது போலவும் இருக்கும். நீண்ட பக்கம்தான் முன்பக்கம். கால் அந்தப் பக்கம் வெளியே வரும், மணலுக்குள் முதலில் போவதும் அதுவே. குட்டையான பின்பக்கம் மேலே பார்த்தபடி இருக்கும். குழல்கள் இரண்டும் அங்கிருந்துதான் நீளும்.

தலை இல்லாத உடம்பு

மட்டிக்குத் தலை கிடையாது. கண்ணும் கிடையாது. மூளை என்று ஒரே இடத்தில் திரண்ட ஒன்றும் இல்லை. மூன்று சோடி நரம்பு முடிச்சுகள் வாயருகிலும் காலிலும் உடலின் பின்பகுதியிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. பார்த்தும் யோசித்தும் செய்ய வேண்டியதாக நமக்குத் தோன்றும் வேலைகளை எல்லாம் இவ்வளவை வைத்துக்கொண்டே அது நடத்துகிறது.

சாப்பாடு, மூச்சு இரண்டுக்கும் ஒரே ஏற்பாடு. ஒரு குழல் நீரை உள்ளே இழுக்கும், மற்றது வெளியே தள்ளும். டோனாக்ஸில் இவை இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாக இருக்கும். உள்ளிழுக்கும் குழலின் வாயில் கிளைவிட்ட சிறு உணர்கொம்புகள் குறுக்காக நீட்டிக்கொண்டிருக்கின்றன. அலையில் எப்போதும் மணல் கலங்கிக்கொண்டே இருக்கும் இடமல்லவா, பெரிய மணல்துகள் உள்ளே போகாமல் இவை மறிக்கும்.

உள்ளே வரும் நீர் செவுள்களின் மேல் பாயும். செவுளில் உள்ள கோடிக்கணக்கான நுண்ணிழைகள் ஓயாமல் அடித்து நீரை ஓட்டுகின்றன, அதே நேரம் நீரில் மிதக்கும் நுண்பாசிகளைப் பிடித்துச் சளியில் சேர்த்து வாய்ப்பக்கம் அனுப்புகின்றன. வாயருகே உள்ள இரண்டு சோடி மடல்கள் அவற்றைத் தரம் பிரிக்கும். உதவாத துகள்களைச் சளியில் உருட்டி வெளியே தள்ளிவிடும். இரைப்பைக்குள் கண்ணாடி போலத் தெளிந்த கூழ்மக் கோல் ஒன்று சுழன்றுகொண்டே தேயும். தேயத் தேய அதிலிருந்து செரிமான நொதிகள் வெளிப்படும். விலங்குலகத்தில் சுழலும் உறுப்பு அபூர்வம், இந்தக் கோலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

இதயத்துக்கு மூன்று அறைகள். பெரும்பாலான மட்டிகளில் குடலின் கடைசிப் பகுதி இதயத்தின் நடுவாகவே ஊடுருவிப் போகும். ஏன் என்று கேட்காதீர்கள், அப்படித்தான் இருக்கிறது. இரத்தத்துக்கு நிறம் இல்லை. அது குழாய்களில் மட்டும் ஓடுவதில்லை, உடம்பின் இடைவெளிகளையும் நிரப்பிக்கொண்டு நிற்கும். மட்டியின் இரத்தத்துக்கு உணவையும் கழிவையும் சுமப்பதோடு வேறொரு முக்கியமான வேலையும் உண்டு. அழுத்தம் கொடுத்துக் காலை விறைக்க வைப்பதும் அதுதான்.

எப்படித் தோண்டுகிறது?

மட்டியின் கால் என்பது எலும்பு இல்லாத, பக்கவாட்டில் தட்டையான, நுனி கூரான ஒரு தசை. ஓட்டுக்குள் இவ்வளவு பெரிதாக ஒன்று மடங்கி இருந்ததா என்று வியக்கும் அளவுக்கு நீளும். ஆனால் இந்தக் காலால் மணலை வாரி வெளியே தள்ள முடியாது. அது மணலுக்குள் தன்னை இழுத்துக்கொள்கிறது. இழுக்க வேண்டுமானால் கீழே ஏதாவது ஒன்றைப் பிடித்தாக வேண்டும். மணலில் பிடிக்க எதுவும் இல்லையே? அங்கேதான் சூட்சுமம். பிடியை அது தானே உண்டாக்கிக்கொள்கிறது, அதுவும் மாறி மாறி இரண்டு இடங்களில்.

நீர் வடியும்போது படுத்துக் கிடக்கும் மட்டி காலை நீட்டி மணலுக்குள் துழாவுகிறது. நுனி கொஞ்சம் உள்ளே போனதும் அதை ஊன்றி உடம்பை நிமிர்த்தும். இப்போது ஓடு பாதி மணலில், செங்குத்தாக. இணைப்புநார் தன் இயல்புப்படி ஓடுகளை அகட்டி மணலில் அழுத்துகிறது. இது முதல் நங்கூரம். ஓடு இப்படி இறுகி நிற்பதால், கால் கீழே குத்தும்போது உடம்பு மேலே எழும்பிவிடாது.

கால் போதுமான ஆழம் போனதும், குழல்களின் வாய்கள் மூடிக்கொள்ளும். உடனே மூடுதசைகள் இரண்டும் ஓடுகளைச் சட்டென்று இழுத்து மூடும். இந்த ஒரே அசைவில் மூன்று காரியம் நடந்துவிடுகிறது. ஓடு ஒடுங்கிவிடுவதால் மேல் நங்கூரம் விடுபடும். உள்ளே இருந்த நீர் ஓட்டின் விளிம்பு வழியாகப் பீய்ச்சி அடித்து, சுற்றியுள்ள மணலைக் குழைத்து இளக்கும். அதே அழுத்தம் இரத்தத்தைக் காலுக்குள் தள்ள, கால்நுனி உப்பி மணலை இறுகப் பற்றும். இது இரண்டாவது நங்கூரம்.

கீழே பிடி கிடைத்தாயிற்று, மேலே பிடி விட்டாயிற்று, மணலும் இளகியிருக்கிறது. இந்த நேரம் பார்த்துக் காலை இழுக்கும் தசைகள் சுருங்கும். முதலில் முன்பக்கத் தசை, அடுத்துப் பின்பக்கத் தசை. ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் இழுபடுவதால் ஓடு இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே கீழே இறங்குகிறது. கரையில் நாம் பார்க்கும் அந்த ஆட்டம் இதுதான். அப்புறம் மூடுதசைகள் தளர, இணைப்புநார் ஓடுகளை மறுபடி அகட்ட, மேல் நங்கூரம் திரும்ப விழும். இதே சுற்று மறுபடியும், மறுபடியும். 1966-இல் ஈ. ஆர். ட்ரூமன் என்ற விலங்கியலாளர் புதையும் மட்டிகளின் உள்ளழுத்தத்தைக் கருவிகளால் பதிவு செய்து இந்த நீரழுத்த விளையாட்டை விளக்கினார். பல மட்டி இனங்களுக்கும் அடிப்படை இதுதான். மற்றவற்றுக்கு நிமிடக்கணக்கில் ஆகும் வேலையை டோனாக்ஸ் சில நொடிகளில் முடித்துவிடுகிறது.

மணலும் ஒத்துழைக்க வேண்டும். நீர் நிறைந்த மணல் அதிர்ந்தால் குழைந்து இளகும், காய்ந்த மணலில் அந்த வித்தை பலிக்காது. பரலும் கூழாங்கல்லும் கலந்த கரடுமுரடான மணலிலும் இந்த மட்டி திணறும். புதைவதற்கு நேரம் அதிகமானால் அடுத்த அலை அடித்துக்கொண்டு போய்விடும். எந்தக் கரையில் டோனாக்ஸ் மலிந்திருக்கும், எதில் இருக்காது என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களில் மணலின் பருமனுக்குப் பெரிய பங்கு உண்டு.

அலையில் சவாரி

புதைவது சரி, எத்தனையோ பிராணிகள் புதைகின்றன. டோனாக்ஸை மற்ற மட்டிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அது வேண்டுமென்றே வெளியே வருவதுதான்.

கடல் ஏறும்போது நீர்விளிம்பு மேலே நகர்கிறது. மட்டி பழைய இடத்திலேயே இருந்தால் ஆழத்தில் மாட்டிக்கொள்ளும், அங்கே மீன்களும் நண்டுகளும் காத்திருக்கின்றன. கடல் வற்றும்போது அதே இடத்தில் இருந்தால் மணல் காய்ந்துவிடும், நீர் இல்லாமல் சாப்பாடும் நின்றுபோகும். அதனால் பல வகைகள் நீர்விளிம்போடு சேர்ந்து மேலும் கீழும் குடிபெயர்கின்றன. ஊர்ந்து போனால் இது நடக்கிற காரியமா? காலால் மணலை உந்தி வெளியே எழும்பி, அலையில் தன்னை விட்டுவிடுகிறது. ஏற்றத்தின்போது ஏறும் நீரில் மேலே போய், அந்த நீர் திரும்ப இழுப்பதற்குள் புதைந்துகொள்ளும். வற்றத்தின்போது பின்வாங்கும் நீரில் கீழே உருண்டு போய்ப் புதையும். சில வகைகள் காலையும் குழல்களையும் வெளியே நீட்டி நீரோட்டத்துக்கு அதிகப் பிடி கொடுக்கவும் செய்கின்றன.

கண்ணில்லாத பிராணிக்கு எந்த அலையில் ஏறுவது என்று எப்படித் தெரியும்? அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் டோனாக்ஸ் வேரியாபிலிஸ் என்ற வகையை வைத்து ஓலாஃப் எல்லர்ஸ் 1995-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு அருமையான பதில் தருகின்றன. இந்த மட்டிகள் எல்லா அலைக்கும் எழும்புவதில்லை. அலைகளில் மிகப் பெரிய ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் வெளியே வருகின்றன. பெரிய அலை கரையில் அதிக தூரம் ஏறும், ஒரே சவாரியில் அதிக தூரம் போகலாம். சின்ன அலைக்கு எழும்பினால் அலைச்சல்தான் மிச்சம்.

பெரிய அலையை மட்டி ஒலியால் அறிகிறது. அலை உடையும்போது எழும் தாழ்ந்த அதிர்வுகள் மணல் வழியே வருகின்றன, பெரிய அலைக்கு ஒலியும் பெரிது. ஆய்வகத் தொட்டியில் அலை எதுவும் இல்லாமல் தாழ்ந்த ஒலியை மட்டும் எழுப்பியபோதும் மட்டிகள் துள்ளி வெளியே வந்தன. ஒலிக்கு எவ்வளவு சுறுசுறுப்பாக எதிர்வினை காட்டுகின்றன என்பதும் கடலின் ஏற்ற வற்றத்துக்கு ஏற்ப மாறியது, கடலே இல்லாத தொட்டியிலும்கூட. ஏற்ற வற்றக் கணக்கு ஒன்று உடம்புக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

அதிர்வை உணரும் உறுப்பு எது? காலில் சமநிலையை அறியும் ஒரு சோடி நுண்பைகள் உண்டு. குழல்களின் அடியில் இரண்டு ஓடுகளுக்கும் குறுக்காகப் பெருக்கல் குறி போல ஒரு தசை இருக்கிறது, அதோடு சேர்ந்து ஒரு சின்ன உணர்வுறுப்பும் இருக்கிறது. டோனாக்ஸும் அதன் நெருங்கிய உறவு மட்டிகளும் மட்டுமே கொண்டுள்ள அமைப்பு இது. அதிர்வை உணர இது உதவுவதாகக் கருதப்படுகிறது.

சவாரியில் ஓட்டின் வடிவத்துக்கும் பங்கு உண்டு. ஆப்பு வடிவமும் கனமான ஓடும் சேர்ந்து, பின்வாங்கும் நீரில் மட்டியைக் கண்டபடி உருளவிடாமல் ஓட்டத்தின் திசைக்கு ஏற்பத் திருப்பி நிறுத்துகின்றன. இதற்கு மட்டி எதுவும் செய்ய வேண்டியதில்லை, வடிவமே செய்துவிடுகிறது.

எல்லா டோனாக்ஸும் இப்படி நாள்தோறும் குடிபெயரும் என்று நினைத்துவிட வேண்டாம். மத்தியதரைக் கடல் டோனாக்ஸ் ட்ரங்குலஸ் மாதிரி வகைகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அந்தக் கடலில் ஏற்ற வற்றமே மிகக் குறைவு, போய் வர வேண்டிய அவசியமும் இல்லை.

தின்ன வருபவர்கள்

இத்தனை நெருக்கமாக, இத்தனை மேலாக ஒரு பிராணி வாழ்ந்தால் விருந்தாளிகளுக்கா பஞ்சம்? அலையோடு முன்னும் பின்னும் ஓடும் உள்ளான் பறவைகள், கரையில் வளை தோண்டும் பேய்நண்டுகள், அலையடியில் மேயும் மீன்கள் என்று வரிசை நீளம். மீன்கள் பல நேரம் முழு மட்டியைப் பிடிப்பதில்லை, நீட்டிக்கொண்டிருக்கும் குழலின் நுனியை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். நுனி மறுபடி வளர்ந்துவிடும்.

காலி ஓடுகளில் சிலவற்றின் முதுகருகே கச்சிதமான வட்டத் துளை ஒன்று இருக்கும். வெளிப்பக்கம் அகன்று உட்பக்கம் குறுகியிருந்தால் அது மணலுக்குள் ஊர்ந்து வேட்டையாடும் ஒரு வகை நத்தையின் வேலை. மட்டியைத் தன் அகன்ற பாதத்தால் சுற்றிப் பிடித்து, அமிலச் சுரப்பால் ஓட்டை இளக்கி, அரம் போன்ற நாக்கால் சுரண்டித் துளைத்து, உள்ளிருக்கும் சதையைத் தின்றுவிடும்.

டோனாக்ஸ் வேரியாபிலிஸின் பின்முனையில் சில சமயம் மெல்லிய தாடி முளைத்தது போல ஒரு கொத்து இருக்கும். அது பாசி அல்ல, ஜெல்லிமீனுக்கு உறவான குட்டி உயிரினங்களின் கூட்டம். மணலில் ஒட்டிக்கொள்ள இடம் இல்லாததால் மட்டியின் ஓட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறது. கொட்டும் தன்மை உள்ளதால் மீன்கள் அப்படிப்பட்ட மட்டியைத் தவிர்க்கின்றன. நண்டுகளோ தாடியுள்ள மட்டிகளையே அதிகம் பிடித்துத் தின்கின்றன. ஆக, இந்த வாடகைக்காரரால் லாபமா நஷ்டமா என்பது யார் தின்ன வருகிறார் என்பதைப் பொறுத்தது.

இனப்பெருக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆணும் பெண்ணும் தனித்தனி, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டும் முட்டையையும் விந்தையும் கடலில் விட்டுவிடும். கரு நீரிலேயே உருவாகி, மிதக்கும் இளவுயிரியாகச் சில வாரம் அலைந்து, குட்டி ஓட்டோடு மணலில் வந்து இறங்கும். சிறிய வகைகளின் ஆயுள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள்தான்.

நேரில் பார்க்க

கடல் பாதிக்கு மேல் ஏறிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், சவாரியைப் பார்க்க அதுதான் வசதி. ஒரு பெரிய அலைக்காகக் காத்திருந்து, அது ஏறி நிற்கும் இடத்தில் கவனியுங்கள். ஒன்றை எடுத்து, கண்ணாடிக் குவளையில் பாதி ஈர மணலும் மேலே கடல்நீரும் விட்டு, மணல்மேல் படுக்க வைத்தால் போதும். கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும், அவசரப்படாதீர்கள். முதலில் ஓடு இம்மியளவு திறக்கும், வெள்ளையாகக் கால்நுனி எட்டிப் பார்க்கும். எந்தப் பக்கத்திலிருந்து கால் வருகிறது, நிமிர்ந்த பிறகு எத்தனை ஆட்டத்தில் முழுதாக மறைகிறது என்று கவனியுங்கள். புதைந்து சற்று நேரம் ஆனால், மணல் மேற்பரப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நுண்துளைகள் தெரியலாம், அவைதான் குழல்களின் வாய்கள். பார்த்து முடித்ததும் அலை தொடும் ஈர மணலிலேயே கொண்டுபோய் விடுங்கள். மேலே காய்ந்த மணலில் போட்டுவிட்டால் அதனால் புதைய முடியாது.